மாட்டுத்தாவணி டு அரிட்டாபட்டி: ராஜாளிகள் கூடு கட்டும் மலைக்கு ஒரு காலை நடை!

"மலைக்கா? அப்ப நீங்க ஆரப்பாளையம்ல போகணும்?"

மதுரையில் யாரிடம் வழி கேட்டாலும் இந்தப் பதில்தான் வரும். கொடைக்கானலுக்கும் தேனிப் பக்கத்து மலைகளுக்கும் பஸ் கிளம்புவது ஆரப்பாளையத்திலிருந்து. மாட்டுத்தாவணி என்றால் சென்னை, திருச்சி, திருநெல்வேலி. அப்புறம் மல்லிகைப்பூ மார்க்கெட். மாட்டுச் சந்தை நடந்த இடம் என்பதால் வந்த பெயர். மலைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் தோன்றும்.

ஆனால், இதே மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறினால், மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் இருக்கிறது. அரிட்டாபட்டி. இந்தப் பெயரைக் கேட்டதும் பலருக்கு டங்ஸ்டன் போராட்டம் நினைவுக்கு வரும். போராட்டம் செய்தியில் வந்த அளவுக்கு மலை வரவில்லை. எதற்காக அத்தனை ஊர்கள் திரண்டன என்று பார்த்துவிட்டு வரலாம் என, தை மாதக் காலை ஒன்றில் பறவை பார்க்கும் பழக்கமுள்ள நண்பர் ஒருவருடன் கிளம்பினேன்.

போகும் வழியே ஒரு மலைப்பாடம். மாட்டுத்தாவணியைத் தாண்டிய சில நிமிடங்களில் ஒத்தக்கடை. இடதுபக்கம் யானை படுத்திருப்பது போல ஒரே பாறையாக நீண்டு கிடக்கிறது யானைமலை. அதன் அடிவாரத்தில் நரசிங்கம் குடைவரைக் கோயில். பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி கி.பி. 770-ல் குடைவித்தது. மலையின் மேற்பகுதியில் சமணச் சிற்பங்கள். சில ஆண்டுகளுக்கு முன் இந்த மலையில் சிற்ப நகரம் அமைக்கும் யோசனை வந்தபோது, சுற்றுப்புற மக்கள் எதிர்த்து நிறுத்தினார்கள். மதுரைக்காரர்களுக்கு யானைமலை என்பது ஊருக்குள் நுழைந்துவிட்டோம் என்பதற்கான அடையாளம். அதனாலேயே யாரும் இறங்கிப் பார்ப்பதில்லை என்பது தனிக்கதை.

நரசிங்கம்பட்டி பக்கம் நெடுஞ்சாலையை விட்டுக் கிராமச் சாலையில் திரும்பியதும் காட்சி மாறிவிடுகிறது. வயல், தென்னை, ஒரு கண்மாய்க் கரை, பிறகு திடீரென்று ஒரு மொட்டைப் பாறை. அதன் பின்னால் இன்னொன்று. மேற்கே தூரத்தில் அழகர்மலையின் நீல வரிசை.

மொட்டை மலைதானே என்று நினைக்காதீர்கள்

மலை என்றதும் நம் மனதில் வருவது பனி, பைன் மரம், சுடச்சுட மிளகாய் பஜ்ஜி. அரிட்டாபட்டியில் இந்த மூன்றும் கிடையாது. இருப்பது ஏழு பாறைக்குன்றுகள். கழிஞ்சமலை, நாட்டார்மலை, ராமாயிமலை, வயத்துப்பிள்ளான்மலை, அகப்பட்டான்மலை, கழுகுமலை, தேன்கூட்டுமலை என்று ஒவ்வொன்றுக்கும் ஊர் பெயர் வைத்திருக்கிறது. கழுகுமலை என்ற பெயரே போதும், அங்கே என்ன பறக்கிறது என்று சொல்ல.

இங்கே 250 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன. அதில் முக்கியமானவை மூன்று வேட்டைப் பறவைகள்: ராஜாளிக் கழுகு, லகர் ஃபால்கன், ஷாஹீன் ஃபால்கன். மூன்றுமே செங்குத்தான பாறை முகப்புகளில் கூடு கட்டக்கூடியவை. ஷாஹீன் என்பது உலகின் மிக வேகமான பறவையான பெரிகிரின் ஃபால்கனின் நம் ஊர் வகை. இரையை நோக்கிப் பாயும்போது பெரிகிரின் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும். லகர் ஃபால்கன் எண்ணிக்கையில் குறைந்துகொண்டே வரும் பறவை. அழிவை நெருங்கும் நிலையில் உள்ளவற்றின் சர்வதேசப் பட்டியலில் இருக்கிறது. இவை தவிர எறும்புதின்னி, தேவாங்கு, மலைப்பாம்பு ஆகியவையும் இங்கே உண்டு. எறும்புதின்னியும் தேவாங்கும் இரவில் நடமாடுபவை. பகலில் போய்விட்டு "ஒண்ணையும் காணோமே" என்று குறைசொல்லக் கூடாது.

நாங்கள் பார்த்தது ராஜாளியை. பாறையின் விளிம்பிலிருந்து அது கிளம்பியபோது முதலில் நான் பருந்து என்றுதான் நினைத்தேன். நண்பர் பைனாகுலரைக் கையில் திணித்தார். வெள்ளையான வயிறு, அடிப்பக்கம் கருத்த இறக்கை. இரண்டே சுற்று. இறக்கையை அடிக்காமல் காற்றிலேயே மிதந்து, குன்றுக்கு அந்தப் பக்கம் மறைந்துவிட்டது. மொத்தம் ஒரு நிமிடம் இருக்குமா, தெரியாது.

இந்த ராஜாளிக்கு ஐரோப்பாவிலும் உறவினர்கள் உண்டு. ஸ்பெயின், கிரீஸ் என மத்தியதரைக் கடலை ஒட்டிய வறண்ட மலைகளில் வாழ்வதும் இதே இனம்தான். இத்தாலியப் பறவையியலாளர் பொனெல்லியின் பெயரால் ஆங்கிலத்தில் பொனெல்லிஸ் ஈகிள். அங்கே அதற்காக மலையேறுபவர்களை நிறுத்தி வைக்கிறார்கள். கூடு கட்டும் மாதங்களில் குறிப்பிட்ட பாறைகளில் ஏறத் தடை விதிப்பது அங்கே சகஜம். ஸ்பெயினில் பார்சிலோனா நகருக்குப் பக்கத்தில் மொன்செனி என்று ஒரு மலைப்பகுதி இருக்கிறது. 1978-லேயே யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமானது. உள்ளேயே கிராமங்கள், தோட்டங்கள். வார இறுதியானால் நகரத்து மக்கள் நடைப்பயணத்துக்குக் கிளம்பி வருகிறார்கள். பெரிய நகரம், பக்கத்தில் மலை, அதில் மக்கள் வாழும் ஊர். மதுரைக்கும் அரிட்டாபட்டிக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். ஒரு வித்தியாசம், நம்மில் பலர் மொன்செனி மாதிரி இடங்களின் புகைப்படத்துக்கு லைக் போட்டுவிட்டு, மேலூர் ரோட்டில் ஜன்னலை மூடிக்கொண்டு தூங்கிவிடுகிறோம்.

பாறை எப்படித் தண்ணீர் தரும்?

அரிட்டாபட்டியில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது பறவைகூட இல்லை, தண்ணீர். ஏழு குன்றுகளைச் சுற்றி 72 ஏரிகள், 200 இயற்கை ஊற்றுகள், 3 தடுப்பணைகள் இருப்பதாக அரசின் அறிவிப்பு சொல்கிறது. அதில் ஆனைகொண்டான் கண்மாய் பாண்டியர் காலத்தில் வெட்டப்பட்டது. வானம் பார்த்த பூமி என்று பெயர் வாங்கிய மதுரைச் சீமையில், மொட்டைப் பாறையைச் சுற்றி இவ்வளவு தண்ணீரா?

மொட்டையாக இருப்பதுதான் காரணம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது பாறை ஒரு சொட்டையும் குடிப்பதில்லை. நம் வீட்டு மொட்டை மாடி மாதிரி, விழுந்த மழை முழுக்க வழிந்து இறங்குகிறது. பாறையில் உள்ள பள்ளங்களில் கொஞ்சம் தங்கிச் சுனையாகிறது. வெடிப்புகளில் இறங்கியது மெதுவாகக் கசிந்து ஊற்றாக வெளிவருகிறது. மிச்சம் ஓடையாகி முதல் கண்மாய்க்குப் போகிறது. அது நிறைந்ததும் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய். அங்கிருந்து அடுத்தது. மேலே மலையில் ஓர் ஓடையை மறித்தால், கீழே நாலாவது ஊர் வயல் காயும்.

கீழே வயல் இருந்தால்தான் மேலே பறவையும் இருக்கும். லகர் ஃபால்கன் அடர்ந்த காட்டுப் பறவை அல்ல, திறந்தவெளியில் வேட்டையாடுவது. பாறையில் தூங்கினாலும் சாப்பாடு வயல்வெளியிலும் தரிசிலும்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால், டங்ஸ்டன் விவகாரத்தில் இந்த ஊர் மக்கள் எடுத்த ஒரு முடிவு சரியாகப் புரியும்.

193-ம் 2,015-ம்

2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு, பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் 2002-ன் கீழ் பாரம்பரியத் தலமாக அறிவித்த பரப்பு 193.42 ஹெக்டேர். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய இரண்டு கிராமங்களில் உள்ள நிலம் அது. சரியாக இரண்டு வருடம் கழித்து, 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தின் முடிவு வந்தது. வேதாந்தா குழுமத்தின் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானது. ஏலம் விடப்பட்ட பரப்பு 2,015.51 ஹெக்டேர். பாரம்பரியத் தலத்தின் நிலமும் அதற்குள் அடக்கம்.

அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டி, அ.வல்லாளப்பட்டி, கிடாரிப்பட்டி, கூலானிப்பட்டி என்று ஊர் ஊராக எதிர்ப்பு கிளம்பியது. டிசம்பர் 9-ல் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. டிசம்பர் 24-ல் மத்திய அரசு ஒரு வழி சொன்னது: பல்லுயிர்த் தலம் உள்ள பகுதியை விட்டுவிட்டு எல்லையை மறுபடி வரையலாமா என்று இந்தியப் புவியியல் ஆய்வு மையம் பார்க்கட்டும்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட மலையை விட்டுவிட்டுத் தோண்டினால் என்ன?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2,015-ல் 193 என்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சமிருக்கும் ஒன்பது பங்கில்தான் கண்மாய்களும் வயல்களும் வீடுகளும் கோயில்களும். தண்ணீர் போகும் வழியும், பருந்துகளும் ஃபால்கன்களும் வேட்டையாடும் வெளியும் அங்கேதான். மலையை மட்டும் தனியாக எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க முடியாது. மக்கள் அந்த யோசனையை ஏற்கவில்லை. 2025 ஜனவரி 7-ம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் நோக்கி ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள். மாட்டுத்தாவணி வழியாகத் தினமும் பஸ்ஸில் போய்வரும் அதே மேலூர் சாலையில் அன்று நடை. ஜனவரி 23-ம் தேதி ஏலத்தையே ரத்து செய்வதாக மத்திய அரசு அறிவித்தது. 26-ம் தேதி முதல்வர் அரிட்டாபட்டிக்கே வந்தார்.

டங்ஸ்டன் வேண்டாத பொருள் என்று சொல்ல மாட்டேன். வெட்டும் கருவி, துளையிடும் கருவி, ராணுவத் தளவாடம் என எல்லாவற்றுக்கும் தேவைப்படுகிற உலோகம். ஆனால், மேலூர் வட்டாரம் மலையை வெட்டினால் என்ன ஆகும் என்று புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய ஊர் இல்லை. கிரானைட் குவாரிகள் குன்றுகளைச் சதுரம் சதுரமாக அறுத்துப் போட்ட குழிகள் இந்தப் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன. 2012-ல் அன்றைய கலெக்டர் சகாயம் அரசுக்கு அனுப்பிய அறிக்கை, கிரானைட் முறைகேட்டால் ஏற்பட்ட இழப்பு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று சொன்னது. அந்தக் குழிகளைப் பார்த்து வளர்ந்தவர்களிடம், "கொஞ்சம்தான் தோண்டுவோம்" என்று சொன்னால் எப்படி எடுபடும்?

'பாதிரிக்குடியார் காவல்'

கழிஞ்சமலைக் குகைத்தளத்துக்குப் போகும் வழியில் ஒரு பாட்டி ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். எங்களை ஏற இறங்கப் பார்த்தவர், "தண்ணி வச்சிருக்கியா தாயி? பாறை சூடேறிப்போச்சுன்னா எறங்க முடியாது" என்றார். மணி அப்போது எட்டுதான். பாட்டி சொன்னது எவ்வளவு சரி என்று ஒன்பதரைக்குப் புரிந்தது.

குகைத்தளத்தின் முகப்பில் தமிழி எழுத்தில் ஒரு கல்வெட்டு. சுமார் 2,200 ஆண்டுகள் பழமையானது. நெல்வேலியைச் சேர்ந்த செழியன் அதினன் வெளியன் என்பவர் இந்தக் குகையைக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. சமணத் துறவிகள் தங்குவதற்காகச் செய்த தர்மம். நாம் ஃபேன் வாங்கிக் கொடுத்துவிட்டு இறக்கையில் பெயர் எழுதுகிறோமே, அந்தப் பழக்கத்தின் ஆதி வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். மழைநீர் குகைக்குள் வழியாமல் இருக்கப் பாறையின் நெற்றியில் வெட்டிய விளிம்பு இன்றும் வேலை செய்கிறது.

கொஞ்சம் தள்ளி, பாறையில் மகாவீரரின் புடைப்புச் சிற்பம். இது சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தையது. கீழே வட்டெழுத்தில் விவரம் இருக்கிறது: மலையின் பெயர் திருப்பிணையன் மலை; சிலையைச் செய்வித்தவர் அச்சணந்தி. மதுரையைச் சுற்றியுள்ள பல மலைகளில் சிற்பங்கள் செய்வித்த சமண முனிவர் அவர். கடைசியில், இந்தச் சிலை பாதிரிக்குடியாரின் பாதுகாப்பில் இருக்கும் என்று முடிகிறது. ராஜாவோ அதிகாரியோ இல்லை, ஊர்க்காரர்கள். பாதிரிக்குடி என்பது இந்த ஊரின் பழைய பெயர். 2022 அறிவிப்பையும் 2025 நடைப்பயணத்தையும் பற்றிப் படித்துவிட்டு வந்து அந்தப் பாறையின் முன்னால் நின்றபோது, எனக்குக் கொஞ்சம் சிலிர்த்தது உண்மை.

குன்றின் இன்னொரு பக்கம் பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில். கையில் தடியுடன் அமர்ந்திருக்கும் லகுலீசர் சிற்பம் இங்கே இருக்கிறது. பாசுபத சைவத்தின் குருவான இவரைத் தமிழ்நாட்டில் மிகச் சில இடங்களில்தான் பார்க்க முடியும். இன்னொரு பக்கம் பிள்ளையார். சமணமும் சைவமும் ஒரே ஊரின் மலையில், ஒன்றை ஒன்று உடைக்காமல் பல நூறு ஆண்டுகள். உள்ளே அவ்வளவு குளிர்ச்சி. வெளியே வர மனசே இல்லை.

போகிறவர்கள் கவனத்துக்கு

கொடைக்கானலுக்கு 2024 மே 7-லிருந்து இ-பாஸ் வேண்டும். அரிட்டாபட்டிக்கு அப்படி வரிசை எதுவும் இல்லை. அதுதான் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. போராட்டத்துக்குப் பிறகு ஊரின் பெயர் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சுரங்கத்தைத் துரத்திய ஊர், நாளை பிளாஸ்டிக் கவரையும் பீர் பாட்டிலையும் துரத்த வேண்டி வந்தால் கொடுமை.

முக்கியமான சிக்கல் ஒன்று உண்டு. நமக்கு நடக்க வசதியான மாதங்கள் டிசம்பரிலிருந்து மார்ச் வரை. மழை முடிந்து, கண்மாய் நிறைந்து, வெயில் ஏறாத நேரம். பறவைகளுக்கும் அதுதான் நேரம். வேட்டைப் பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பது ஏறக்குறைய இதே மாதங்களில்தான். செங்குத்தான பாறைப் பக்கம் நாம் ஏறினால், பயந்த தாய்ப்பறவை கூட்டை விட்டுக் கிளம்பிவிடும். வெயிலில் முட்டையோ குஞ்சோ தாங்காது. அதனால் குகைத்தளம், கோயில், கண்மாய்க் கரை என்று வழக்கமான பாதையிலேயே நடந்தால் போதும். பறவையைக் கீழிருந்து பைனாகுலரில் பாருங்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம். அது பறவைக்கு இன்னொரு எதிரிப் பறவை. ரீல்ஸுக்காகக் கூட்டின் இடத்தைக் குறிப்பிட்டு லொகேஷன் போடுவதும் அதே பாவக் கணக்கில் சேரும்.

பாறைகளில் மலைத்தேனீக் கூடுகள் இருக்கலாம். தேன்கூட்டுமலை என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? சத்தம், புகை, சென்ட் மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். மழை பெய்த மறுநாள் பாறை வழுக்கும். பிடிமானமுள்ள ஷூ அவசியம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். கல்வெட்டையும் சிற்பத்தையும் தொட்டுப் பார்க்காதீர்கள், சுண்ணாம்போ பவுடரோ தடவிப் படிக்கவும் முயலாதீர்கள். சுனையில் இறங்கிக் குளிப்பதும் வேண்டாம். அது ஆடு மாடுகளுக்கும் காட்டு உயிர்களுக்குமான குடிதண்ணீர்.

பஸ்ஸில் வருபவர்கள் மேலூர் போய் அங்கிருந்து டவுன் பஸ் பிடிக்கலாம். கிராமத்துப் பஸ் என்பதால் திரும்பும் நேரத்தைக் கண்டக்டரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போனால் இன்னும் நல்லது. எந்தக் குன்றுக்கு என்ன பெயர், எந்த ஓடை எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்பதெல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது. கூகுள் மேப்பில் தேடிப் பிரயோஜனமில்லை. அவருடைய அரைநாள் வேலை நமக்காகப் போகிறது. அதற்கான பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். டீயையும் டிபனையும் ஊருக்குள்ளேயே முடித்துக்கொள்ளுங்கள்.

விடிவதற்கு முன் கிளம்பினால், பாறையில் முதல் வெளிச்சம் விழும்போது கண்மாய்க் கரையில் இருக்கலாம். ஒன்பதரை மணிக்குள் கீழே இறங்கிவிடுங்கள். பாட்டி சொன்னதைக் கேளுங்கள்.